படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்



மும்பையில் தாராவி என்ற பகுதி இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள் அங்கே பல தலைமுறையாக வாழ்கிறார்கள். பலர் தோல் பட்டறைகளில் வேலை செய்தவர்கள். அப்படி ஒரு தொழிலாளியை நினைத்துக் கொள்ளுங்கள்.

அவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல். மாலையில் காய்ச்சல். சளியைப் பரிசோதித்தார்கள். காசநோய் என்று தெரிந்தது. அரசு மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள்.

செய்தி பட்டறைக்குப் போயிற்று. கூட வேலை செய்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். அவருடைய தம்ளரைத் தனியே வைத்தார்கள். ஒரு நாள் முதலாளி கூப்பிட்டார்.

"நீ வீட்டுக்குப் போ. இதில் கையெழுத்துப் போடு. கணக்கை முடித்துவிடலாம்."

தாள் இந்தியில் இருந்தது. அவருக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும்.

"வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன், சேட்" என்று வாங்கிக்கொண்டார்.

பக்கத்து வீட்டுப் பெண் படித்துச் சொன்னாள்: "மாமா, 'நானாகவே வேலையை விட்டு விலகுகிறேன். எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை' என்று எழுதியிருக்கிறது."

அவர் கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் அவரைப் பட்டறைக்குள் விடவில்லை. வேலை போயிற்று. ஆனால் "நானாக விலகவில்லை" என்று சொல்லும் உரிமை அவரிடம் இருந்தது.

சோற்றுக்கே வழியில்லை, மாத்திரை எதற்கு என்று அவர் நினைத்தார். மனைவி விடவில்லை. "வேலை இன்னொன்று தேடலாம். உயிரை எங்கே தேடுவது?" என்றாள்.

அவள் சொன்னது சரி. சாதாரணக் காசநோய்க்கு 6 மாதம் மருந்து சாப்பிட வேண்டும். இருமல் நின்றதும் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும். பிறகு அந்த மருந்துக்குக் கட்டுப்படாமலும் போகலாம். முறையாகச் சாப்பிட்டால் சில வாரங்களில் பிறருக்குத் தொற்றுவது பெரிதும் குறையும். தம்ளரால் இந்த நோய் பரவாது. இருமும்போது காற்றில் பரவுகிறது.

அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போட்டார்கள். 2024 நவம்பரில் அதை 1000 ரூபாய் ஆக்கினார்கள்.

பொதுவாக 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. நோயால் வேலைக்குப் போக முடியாதவருக்கு, ஆண்டுக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் நூற்றுக்கு 70 பங்கு கிடைக்கும். போதிய காலம் சந்தா கட்டியவருக்குக் காசநோய், புற்றுநோய் போன்ற நோய்களில் இன்னும் நீண்ட நாள் உதவி உண்டு. முன்பு கட்டிய சந்தாவை வைத்தே இதைக் கணக்கிடுகிறார்கள். ஆகவே, வேலை போனாலும் அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

சம்பளச் சீட்டு, மருத்துவர் சீட்டு, ஈ.எஸ்.ஐ. அட்டை மூன்றையும் பத்திரமாக வையுங்கள். சங்கத்திடமோ தொழிலாளர் அலுவலகத்திலோ காட்டுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் அதற்கென அலுவலகம் இருக்கும்.

நண்பர்களே, கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டோம். எதில் போடுகிறோம் என்று பார்க்கவும் கற்றுக்கொள்வோம். தெரியாத மொழியில் இருந்தால், படிக்கத் தெரிந்தவரைக் கேட்போம். அதில் வெட்கம் இல்லை.