குடும்ப வழக்குகளில் செயற்கை நுண்ணறிவு: பொறுப்பு யாருடையது?

(கட்சி உறுப்பினர்களுக்கான சட்ட விழிப்புணர்வு வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

தோழர்களே,

கணவனால் கைவிடப்பட்ட பெண், முன்பெல்லாம் நமது மாதர் அமைப்புத் தோழரையோ கிளைச் செயலாளரையோ தேடி வருவார். இன்று அதற்கு முன்பே கைப்பேசியில் சாட்ஜிபிடி போன்ற செயலியிடம் கேட்கும் பழக்கம் பரவி வருகிறது. நமது தோழர்களிலும் சிலர் மனு எழுத அதனை நாடுகின்றனர்.

அப்பெண்ணைக் குறை கூறுவதற்கில்லை. வழக்கறிஞரைப் பார்க்கச் சென்றால் ஒரு நாள் கூலி போகும். கட்டணமும் கொடுக்க வேண்டும். செயலியோ நள்ளிரவிலும் பதில் தருகிறது. ஆனால், அந்தப் பதில் தவறாக இருந்தால் விலை கொடுப்பவர் யார்? இதுவே நம்முன் உள்ள கேள்வி.

இல்லாத தீர்ப்புகள்

இந்த இயந்திரம் சட்டத்தை அறிந்து பேசுவதில்லை. ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் எனக் கணித்துக் கோக்கிறது. எனவே, இல்லாத தீர்ப்பையும் இருப்பதுபோல் உறுதியாகச் சொல்லிவிடுகிறது.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பெண், தமக்கு முறையாக அறிவிப்புச் சார்பு செய்யாமலே விவாகரத்து வழங்கப்பட்டதாக முறையிட்டார். கணவரின் வழக்கறிஞர் தயாரித்துத் தந்த உத்தரவில் நீதிபதி கையெழுத்திட்டு அம்மனுவைத் தள்ளுபடி செய்தார். அதில் காட்டப்பட்ட இரண்டு தீர்ப்புகள் உலகில் எங்கும் இல்லாதவை! 2025 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, வழக்கறிஞருக்கு 2,500 டாலர் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுக்குச் செல்ல வசதியற்ற பெண்ணாக இருந்திருந்தால், அந்தப் பொய்யே அவருக்கு இறுதித் தீர்ப்பாகியிருக்கும்.

ஒரு சொல்லின் விலை

நமது நாட்டுக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளது. ஜீவனாம்சத்துக்கான பழைய 125ஆம் பிரிவு இப்போது 144ஆம் பிரிவு. எண் தவறினால் திருத்திக்கொள்ளலாம். ஆனால், சில தவறுகளைத் திருத்துவது கடினம்.

‘கணவரும் நானும் பிரிந்து வாழ்கிறோம், ஒப்பந்தம் எழுதித் தா’ என்று ஒரு பெண் கேட்பதாகக் கொள்வோம். ‘இருவரும் பரஸ்பர சம்மதத்துடன் பிரிந்து வாழ்கிறோம்’ என்று இயந்திரம் அழகாக எழுதித் தரலாம். பரஸ்பர சம்மதத்துடன் பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்கிறது அதே 144ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு. அடித்துத் துரத்தப்பட்ட பெண், முத்திரைத்தாளில் இட்ட ஒரு கையெழுத்தால் தன் உரிமைக்குத் தானே தடை ஏற்படுத்திக்கொள்வார். அனுபவமுள்ள வழக்கறிஞர் முதலில் கேட்பது, ‘நீங்களாக வந்தீர்களா, துரத்தப்பட்டீர்களா?’ என்பதுதான். கேட்டதை மட்டும் எழுதித் தரும் இயந்திரம் இக்கேள்வியைக் கேட்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மேலும், இது பல குடும்பச் சட்டங்கள் நிலவும் நாடு. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், மத்திய அரசு தனி அறிவிக்கை வெளியிட்டாலன்றி, பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. உத்தராகண்டில் 2025 ஜனவரி 27 முதல் பொது சிவில் சட்டம் அமலில் உள்ளது. அதிலும் பழங்குடியினருக்கு விலக்கு உண்டு. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் 125ஆம் பிரிவின்கீழ் ஜீவனாம்சம் கோரலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் மீண்டும் உறுதிப்படுத்தியது. ஜார்க்கண்டின் ஆதிவாசிப் பெண்ணுக்கும் டேராடூனின் தொழிலாளிப் பெண்ணுக்கும் ஒரே பதில் பொருந்தாது.

ரகசியமும் பொறுப்பும்

வழக்கறிஞரிடம் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. செயலியிடம் சொல்வதற்கு அது இல்லை என்பதை ஓபன்ஏஐ நிறுவனத்தின் தலைவர் சாம் ஆல்ட்மேனே 2025 ஜூலையில் ஒப்புக்கொண்டார். பட்ட அடியும் பட்ட அவமானமும் அந்நிய ஏகபோக நிறுவனத்தின் கணினிகளில் சேர்கின்றன. வீட்டில் ஒரே கைப்பேசி என்றால், கணவரும் அதைப் படிக்கலாம்.

தவறிழைக்கும் வழக்கறிஞர்மீது 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி பார் கவுன்சிலில் புகார் செய்யலாம். இயந்திரத்தின்மீது யாரிடம் புகார் செய்வது? மாவட்ட நீதித்துறையில் தீர்ப்புக்கோ முடிவுக்கோ செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தக் கூடாது எனக் கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் கொள்கை வகுத்தது. நீதிபதிக்கே ஆகாதது, ஏழைப் பெண்ணுக்கு மட்டும் போதுமா?

அரசின் கடமை, நமது பணி

1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் ஒவ்வொரு பெண்ணுக்கும் இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை உண்டு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், மனு கொடுத்த மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணை என்கிறது. பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்கச் சொல்கிறது. இவை ஏட்டில் தூங்கும்போது, அரசு விட்ட இடத்தில் பெருநிறுவனம் நுழைகிறது. முழுநேரப் பாதுகாப்பு அலுவலர்கள், போதிய குடும்பநல நீதிமன்றங்கள், தாய்மொழியில் சட்ட உதவி ஆகியவற்றுக்காக நாம் போராட வேண்டும்.

தோழர்களே, நாம் தொழில்நுட்பத்தின் எதிரிகள் அல்லர். ஒரு சட்டச் சொல்லின் பொருளை அறிய, தேதிகளை வரிசைப்படுத்த அதனைப் பயன்படுத்தலாம். ஆனால், வழக்கறிஞர் படித்துப் பார்க்காத எந்தத் தாளிலும் எந்தப் பெண்ணும் கையெழுத்திட விடாதீர்கள். 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணை ஒவ்வொரு கிளையிலும் எழுதி வையுங்கள். அவருடன் நீதிமன்றம் வரை செல்லுங்கள். இயந்திரம் பதில் தரும், துணைக்கு வராது. துணை நிற்பது நமது பணி.