மலையடிவார ஊர்களில் நம் வாழ்வும் உடைமையும்

(கல்விச் சங்க வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



சங்கம் கடந்து வந்த இருபத்தைந்து ஆண்டுகளைப் பற்றி முன்னர்ப் பேசிய நண்பர்கள் விரிவாக எடுத்துரைத்தார்கள். தேர்வில் வென்றோர், வேலையில் அமர்ந்தோர், விடுதியில் தங்கிப் பயின்றோர் எனப் பலர் பெயர்கள் இம்மேடையில் ஒலித்தன. கேட்க மகிழ்ச்சியாக இருந்தது. எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு அத்துணை மகிழ்ச்சி தருவது அன்று. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடைப்பட்ட சிற்றூர்களில் நாம் எவ்வாறு வாழ்கிறோம், நமக்கென்று என்ன வைத்திருக்கிறோம் என்பதைப் பேசுமாறு கேட்டிருக்கிறார்கள். வாழ்வைச் சொல்லப் பல மணி நேரம் வேண்டும். உடைமையைச் சொல்ல ஒரு தகரப் பெட்டி போதும். அந்தப் பெட்டிக்குச் சற்றுப் பின்னர் வருவோம்.

ஆனி பிறந்து, செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று நுழைந்து, திரிகூட மலையில் மேகம் இறங்கினால் சாரல் தொடங்கிவிடும். பேரருவியில் தண்ணீர் விழுகிறது என்ற செய்தி பரவியதும் வெளியூர்க்காரர்கள் துண்டை எடுத்துக்கொண்டு புறப்படுவார்கள். நம் வீடுகளில் மண்வெட்டியை எடுப்பார்கள். அருவியில் விழுந்த தண்ணீர்தான் சிற்றாறாகி, அணைக்கட்டுகளில் தேங்கி, கால்களில் பிரிந்து, குளங்களை நிரப்பி, எஞ்சியது சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்கிறது. அந்தத் தண்ணீரை நம்பித்தான் கார் சாகுபடி. பின்னர் ஐப்பசி மழையை நம்பிப் பிசானம். எந்த மடையை எவ்வளவு நேரம் திறந்தால் எந்த வயல் நிறையும் என்பது நம் முன்னோர்க்கு மனப்பாடம். நாற்றுப் பாவியதும் தொளி கலக்கியதும் நட்டதும் களை பறித்ததும் அறுத்ததும் களத்தில் சூடடித்ததும் அவர்களே. பொலி அளந்து முடிந்தபின் கொத்து வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர்களும் அவர்களே. நெல் மூட்டை சென்ற வண்டி வேறு தெருவுக்குப் போயிற்று.

இதே சிற்றாறு கலக்கும் இடத்தைப் பாடுவது முக்கூடற் பள்ளு. அதில் நெல் வகைகளுக்கு எத்தனை பெயர்கள், மாடுகளுக்கு எத்தனை பெயர்கள்! அவ்வளவும் உழுதவர் அறிவிலிருந்து வந்தவை. அந்த நூலிலேயே உழுபவனைப் பண்ணைக்காரன் தொழுவில் மாட்டித் தண்டிக்கும் காட்சியும் வருகிறது. குற்றாலத்துக்கு இன்னொரு கதை உண்டு. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயருக்கு நாயக்க மன்னர் நன்செய் நிலம் வழங்கினார். அது குறவஞ்சி மேடு எனப் பெயர் பெற்றது. கவிராயரின் புலமையை நாமும் போற்றுகிறோம். ஆனால், மலை வளம் சொல்லும் குறத்தியைப் பாடியவருக்கு நிலம் கிடைத்தது. மலையில் அலைந்த குறத்திக்கு ஒரு மேடும் கிடைத்ததாக நாங்கள் படித்ததில்லை.

நமக்கு உடைமை இல்லாமற்போனது பிந்திய செய்தி. முந்திய செய்தி, நாமே பிறருடைய உடைமையாக இருந்தது. நிலம் விற்கும் ஓலையில் ஆட்களையும் சேர்த்து எழுதிய காலம் இந்தத் திருநெல்வேலிச் சீமையில் இருந்தது. கும்பினி ஆட்சிப் பகுதிகளில் 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறையின் சட்டத் தகுதியை நீக்கிற்று. தென்காசிக்கு அது பொருந்தும். சில கல் தொலைவிலுள்ள செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. அங்கே 1855 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. (செங்கோட்டை நம்மோடு இணைந்தது 1956 நவம்பர் 1ஆம் நாள்.) ஆனால் விடுதலை பெற்றவர்களுக்கு நிற்க இடம் தரவேண்டும் என்பதை இரண்டு அரசுகளும் எண்ணவில்லை.

அதனை எண்ணிய அதிகாரி ஒருவர் உண்டு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை குறித்து அறிக்கை எழுதினார். நிலம் இல்லாததே இவர்கள் அடிமைத்தனத்தின் வேர் என்று காட்டினார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30ஆம் நாள் சென்னை மாகாண அரசு ஆணை பிறப்பித்தது. புறம்போக்கு நிலங்கள் நம் மக்களுக்கு ஒப்படை செய்யப்பட்டன. பத்தாண்டுகளுக்கு எவருக்கும் விற்கவோ அடைமானம் வைக்கவோ கூடாது. அதற்குப் பின்னும் நம் மக்களுக்குள்ளேயே கைமாறலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பன நிபந்தனைகள். இன்று பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் இந்நிலங்களைக் கேட்டுப் போராடிய ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிர் துறந்தனர். இளைஞர்கள் அவ்விரு பெயர்களையும் மறத்தல் ஆகாது.

இனித் தகரப் பெட்டிக்கு வருவோம். எங்கள் தெருவில் ஒரு பாட்டியார் இருந்தார். அவர் வீட்டுப் பரணில், குதிருக்குப் பின்னால் ஒரு பெட்டி இருந்தது. அதனுள் தீர்வை ரசீதுகள், கறையான் அரித்த ஓர் ஒப்படை ஆணை, ரேஷன் அட்டை, கணவரின் இறப்புச் சான்று. அவருடைய மாமனார் காலத்தில் மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கருக்குக் குறையாத புஞ்சை கிடைத்தது. முள் வெட்டி, கல் பொறுக்கி, எள்ளும் கேழ்வரகும் விதைத்துப் பார்த்தார்கள். காட்டுப் பன்றிக்குப் போக மிஞ்சியது வீட்டுக்கு வந்தது. ஒரு வறட்சி ஆண்டில் நோய்ச் செலவுக்குக் கடன் வாங்கினார்கள். கடன் சீட்டு என்று சொல்லி நீட்டிய தாளில் பெரியவர் கைநாட்டு வைத்தார். அது கிரயப் பத்திரம் என்பது அவருக்குத் தெரியாது. அதன் பின்னும் சில ஆண்டுகள் அவரே தீர்வை கட்டியிருக்கிறார்! நிலம் தம்முடையது என்ற நம்பிக்கை அவ்வளவு உறுதியாக இருந்தது. ஒரு நாள் வேலி வந்தது. பின்னர்த் தென்னங்கன்று வந்தது. இன்று அது காய்க்கும் தோப்பு. அத்தோப்பில் தேங்காய் பொறுக்கும் கூலி வேலைக்கு அவருடைய பேத்தியே போய் வந்ததை நாங்கள் கண்டோம்.

ஏன் ஒருவரும் கேட்கவில்லை? கேட்கத் தெரிந்தவர் இல்லை. ஊர்க் கணக்குகள் அந்நாளில் கர்ணம் வீட்டுப் பெட்டியில் இருந்தன. அந்தப் பரம்பரைப் பதவி 1980இல்தான் ஒழிந்தது. 1979 தொடங்கி நடைபெற்ற நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணியின்போது அனுபவத்தில் இருந்தவர் பெயரே பதிவேட்டில் ஏறிற்று. பழைய நிபந்தனைக் குறிப்புகள் பல இடங்களில் விடுபட்டுப் போயின. நிலம் ஒருமுறை மண்ணில் பறிபோயிற்று. மறுமுறை தாளில் பறிபோயிற்று.

இதில் நம் பங்கையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பாட்டியாரின் பெட்டியில் அந்த ஆணை பல ஆண்டுகள் கிடந்தது. எங்களில் படித்தவர்கள் பலர் இருந்தோம். பட்டம் பெற்று வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஒருவரும் அதை வாங்கிப் பார்க்கவில்லை. சங்கத்தின் மாலை வகுப்பில் பதினோராம் வகுப்பு பயின்ற ஒரு மாணவன், எதையோ தேடி அப்பெட்டியைத் திறந்தவன், அத்தாளை எழுத்துக்கூட்டிப் படித்து, "இதை விற்கவே கூடாதாமே" என்று கேட்டான். அன்றுதான் நாங்கள் விழித்தோம். மனு கொடுத்தோம், நடையாய் நடந்தோம், விசாரணைக்கு நாள் குறிப்பார்கள், அந்நாள் தள்ளிப்போகும். பாட்டியார் முடிவைக் காணாமலே மறைந்தார். மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

நிலம் இழந்தவர்களில் ஒரு சாரார் பீடித் தட்டோடு திண்ணையில் அமர்ந்தார்கள். இன்னொரு சாரார் மலையேறினார்கள். அண்டையிலுள்ள திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையை அறிவீர்கள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,373 ஏக்கர் காடு 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குத் தோட்ட நிறுவனத்திடம் போயிற்று. தேயிலை நட்டவர்களும் பறித்தவர்களும் பெரும்பாலும் நம் மக்கள். 1999 ஜூலை 23ஆம் நாள் அவர்களுக்காக நெல்லையில் நடந்த ஊர்வலத்தில் தடியடிக்குத் தப்பித் தாமிரபரணியில் இறங்கியவர்கள் உட்படப் பதினேழு பேர் மாண்டனர். குத்தகை முடியுமுன்னரே 2024இல் நிறுவனம் தோட்டத்தை விட்டு விலக முடிவு செய்தது. பிறந்த ஊர் எது என்றால் மாஞ்சோலை என்று சொல்லும் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். பிறந்த வீட்டின் அடிமனை அவர்கள் பெயரில் இல்லை.

இத்துன்பம் நமக்கு மட்டும் உரியதா என்று சில இளைஞர்கள் கேட்பதுண்டு. குற்றாலச் சீசனில் கடைகளில் குவியும் மங்குஸ்தானையும் ரம்புட்டானையும் பாருங்கள். இரண்டும் மலாய்த் தீவுக்கூட்டத்தின் கனிகள். குற்றால மலையில் கும்பினியார் வைத்த வாசனைத் தோட்டங்களின் சாதிக்காயும் கிராம்பும் அத்தீவுகளைச் சேர்ந்தவையே. அங்கே ஜாவாவின் மேற்குப் பகுதியில், 1955இல் ஆசிய ஆப்பிரிக்க மாநாடு நடந்த பாண்டுங் நகரைச் சுற்றிய மலைநாட்டில், சுந்தா என்னும் மக்கள் வாழ்கிறார்கள். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி நெல் விளைப்பவர்கள். நெல்லைத் தெய்வமாகப் போற்றி, கால் ஊன்றி உயர்த்திய குதிர்களில் கதிரோடு அடுக்கி வைப்பார்கள். விரல் நடுவே அடங்கும் சிறு கத்தியால் பெண்கள் கதிர் கதிராகக் கொய்ததுண்டு. அரிவாள் வந்தபின் அவ்வேலை பெரிதும் அருகிவிட்டது. டச்சுக் கும்பினி 18ஆம் நூற்றாண்டிலேயே அவர்களைக் கட்டாயப்படுத்திக் காப்பி பயிரிட வைத்தது. அங்கும் பலருக்குக் கையகல வயல். பலருக்கு அதுவும் இல்லை. பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுது பாதி விளைச்சலைக் கொடுப்பார்கள். அங்கும் நெடுங்காலம் வரிச் சீட்டே உரிமைச் சான்றாக நம்பப்பட்டது. 1960இல் நிலச் சட்டமும் வாரச் சட்டமும் வந்தன. 1965இல் தொடங்கிய படுகொலைகளுக்குப் பின் நிலம் கேட்கவே மக்கள் அஞ்சினார்கள்.

ஆனால் ஒரு செய்தியில் அவர்கள் நம்மை முந்தியவர்கள். அவர்கள் வழக்கத்தில் மகளும் வயலுக்கு உரியவள். மனைவி கொண்டுவந்த நிலம் மனைவியுடையதாகவே இருக்கும்; இருவரும் உழைத்துச் சேர்த்தது இருவருக்கும் பொது. நம் வீடுகளில் எத்தனை பட்டாக்களில் பெண் பெயர் இருக்கிறது? தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுமைக்கும் 2005இலும் மகளுக்குச் சம பங்கு சட்டமாயிற்று. நிலமற்ற நம் பெண்கள் வயல் வாங்க, தாட்கோவின் நன்னிலம் மகளிர் நிலவுடைமைத் திட்டம் விலையில் பாதியை, ஐந்து லட்சம் ரூபாய் வரம்புக்குள், மானியமாகத் தருகிறது. சாதியால் நிலம் மறுக்கப்பட்டதைப் பேசும் நாம், அக்காள் தங்கையிடம் கையெழுத்து வாங்கிப் பங்கை எழுதிக்கொள்ளும்போது எந்த முகத்தோடு பேசுகிறோம்? இதைக் கேட்டால் சில அண்ணன்மார்க்குக் கோபம் வரும் என்று தெரிந்தே கேட்கிறோம்.

காலம் தாழ்த்த இடமில்லை. குற்றாலச் சாலையின் இருபுறமும் வயல்கள் மனைகளாகின்றன, விடுதிகள் எழுகின்றன. சென்ற தலைமுறையில் எவரும் சீந்தாத மலையடிவாரப் புஞ்சைக்கு இன்று விலை சொல்ல ஆள் காத்திருக்கிறது. விலை ஏற ஏறப் பழைய தாளைத் தேடி அழிக்கவும் ஆள் உண்டு.

ஆகவே மாலை வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் கற்பிப்பதோடு, பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் படிக்கவும் கற்பிக்கச் சங்கம் முடிவு செய்திருக்கிறது. 'அ' பதிவேட்டை இப்போது கைபேசியிலேயே பார்க்கலாம். ஆனால் கைபேசி காட்டுவது பிற்காலப் பதிவு. நிபந்தனைக் குறிப்பு இருக்கும் பழைய பதிவேட்டுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் நகல் கேட்கவேண்டும். மறுத்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்கவேண்டும். குடியிருக்கும் மனைக்கே பட்டா இல்லாதவர்கள், 1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம் வந்தபோது தம் பாட்டன் அந்த மனையில் இருந்தார் என்பதற்குச் சான்று தேடுங்கள். பழைய வாக்காளர் பட்டியலும் உதவும்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டடத்தில் முதல் வகுப்பு. இளைஞர்கள் தங்கள் வீட்டுப் பரணில் உள்ள பெட்டியை அப்படியே எடுத்து வாருங்கள். நனைந்து ஒட்டிப்போன தாள்களைப் பிரிக்க முயல வேண்டாம், கிழிந்துவிடும். பாட்டிமார் உடன் வந்தால் மிக நன்று. எந்தத் தாள் எப்போது வந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அமர நாற்காலி போடச் சொல்லியிருக்கிறோம்.