பாலத்துக்கு வந்த பெயர்

(ஜூபிலி ஆயத்தக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி வேலைகள் ஆரம்பமான நாள் முதல் நம்மிடம் வந்தவர்களில் பலர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "சாமி, கல்வெட்டில் எங்கள் பெயர் வருமா?" இதில் நாம் குற்றம் காணவில்லை. நம் செட்டிநாட்டுச் சீமையில் ஊருணி, சத்திரம், பள்ளிக்கூடம் என்று எதைப் பார்த்தாலும் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. கொடுத்தவரை மறவாதிருப்பது நன்றியுள்ள ஊரின் அடையாளம். ஆனால் ஒரு பெயர் கல்லில் ஏறும்போது, அதைப் படிக்கிற நம்மிடம் அது என்ன கேட்கிறது? இன்று அதைச் சற்றே சிந்திப்போம்.

திருநெல்வேலிக்குப் போனவர்கள் தாமிரபரணியின்மேல் சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்திருப்பீர்கள். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்தவர் அவர். தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டுக் கட்டிய அந்தப் பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. பணம் கொடுத்தவருக்குப் பெயர் நிலைத்தது, அது நியாயமே.

பணம் கொடாமலே பாலத்துக்குப் பெயர் தந்த வக்கீல் ஒருவரும் உண்டு. பீகாரில் மொகாமா என்ற ஊரருகே கங்கையின்மேல் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பாலம் இருக்கிறது. மேலே சாலை, கீழே இரயில் பாதை. 1959-இல் பிரதமர் நேரு அதைத் திறந்து வைத்தார். அதுவரை அத்துறையில் இரயிலில் வந்த சரக்கைப் படகேற்றித்தான் அக்கரை சேர்த்தார்கள். அந்தப் பாலத்தின் பெயர் ராஜேந்திர சேது. பீகார் மண்ணில் பிறந்து, பாட்னா உயர்நீதிமன்றத்தில் புகழ்பெற்ற வக்கீலாயிருந்த ராஜேந்திர பிரசாத் அவர்களின் பெயர் அது.

"அவர் அப்போது ஜனாதிபதி, அதனால் வைத்தார்கள்" என்று சொல்லலாம். அந்தப் பதவி 1962-இல் முடிந்தது. மறு ஆண்டில் அவரும் காலமானார். ஆனால் பதவிக்கு வெகுகாலம் முன்பே அவர் ஓர் ஆற்றைக் கடந்திருந்தார். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தோம்.

1917-இல் சம்பாரண் குடியானவர்களின் துயரம் கேட்டுக் காந்தியடிகள் பீகாருக்கு வந்தார். அங்கே 20 கட்டா நிலத்துக்கு 3 கட்டா வீதம் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளுக்காக அவுரி பயிரிட்டே தீரவேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. பாட்னாவில் காந்தியடிகளை முதலில் அழைத்துப்போன இடம் வக்கீல் ராஜேந்திர பிரசாத்தின் வீடு. வக்கீல் வெளியூர் போயிருந்தார். வந்தவர் என்ன சாதியோ என்று வேலைக்காரர்களுக்குச் சந்தேகம். அவருடைய வாளித் தண்ணீர் தங்கள்மேல் தெறித்தால் தீட்டாகுமென்று, தாங்கள் கிணற்றடியில் இருக்கும்வரை அவரை நீர் இறைக்க விடவில்லை. வீட்டுக்குள்ளிருந்த கழிப்பிடமும் அவருக்கு மறுக்கப்பட்டது.

பிறகு ராஜேந்திர பிரசாத்தும் மற்ற வக்கீல்களும் சம்பாரணுக்கு வந்து சேர்ந்தார்கள். ஆளுக்கொரு சமையற்காரன், ஆளுக்கொரு அடுப்பு. காந்தியடிகள் அதை ஒப்பவில்லை. அடுப்புகள் ஒன்றாயின, எல்லாரும் ஒரே சமையலை உண்டார்கள். அதுவரை சாதிக்கட்டு விடாமல் உணவருந்தி வந்த அந்த வக்கீலும் அப்பந்தியில் உட்கார்ந்தார். ஆயிரக்கணக்கான ஏழைகளின் வாக்குமூலத்தை அவர்கள் கேட்டு எழுதினார்கள். 1918-இல் சட்டம் வந்து அவுரிக் கட்டாயம் ஒழிந்தது. ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது ராஜேந்திர பிரசாத் கைநிறையச் சம்பாதித்த தொழிலையே துறந்தார்.

இரும்பும் காரையும் பழுதாகிவிடும். அந்தப் பழைய பாலம் தளர்ந்துபோக, 2025-இல் அதன் பக்கத்திலேயே ஆறுவழிப் பாலம் ஒன்று திறக்கப்பட்டது. ஆனால் தீட்டுப் பார்த்த கிணற்றடியிலிருந்து பொதுப்பந்திக்கு அந்த மனிதர் கடந்து வந்தாரே, அந்தப் பாலத்துக்குப் பழுதில்லை.

அன்பர்களே, இப்போது நம் வீட்டுக் காரியத்துக்கு வருவோம். ஜூபிலி நாளன்று பூசைக்குப்பின் பொது விருந்து வைக்கிறோம். "எங்கள் தெருவாருக்குத் தனிப்பந்தி போடுங்கள்" என்று நம்மிடம் சொல்லியனுப்பியவர்கள் உண்டு. யாரென்று சொல்லமாட்டோம்; அவர்களுக்கே தெரியும். ஒரே பீடத்தண்டையில் ஒரே அப்பத்தை வாங்கிய நாம், கோயில் வாசலைத் தாண்டியதும் வெவ்வேறு இலைக்குப் போவதானால், உள்ளே வாங்கியது என்ன? இந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. ஆண்டவரிடம் பதில் சொல்ல வேண்டியவர்களும் நாம்தான். இத்தனை நாள் இதைக் கண்டும் வாயடைத்திருந்த பங்குச் சாமியாரும் அதில் சேர்த்தி.

ஆகவே இரண்டு தீர்மானம். கல்வெட்டு வைப்போம்; பெயர்கள் வரும், கொடுத்த தொகை வராது. காசில்லாமல் மண்ணும் கல்லும் சுமந்தவர் பெயரும் அதே அளவு எழுத்தில் வரும். விருந்தில் இலை ஒரே வரிசையாகப் போடப்படும். முதல் பந்தியில் நாமும் உட்காருவோம். எந்த இலைக்குப் பக்கத்தில் உட்கார ஆளில்லையோ, அங்கே நம்மைத் தேடுங்கள்.

அந்த நாளில் ஒருவரும் வீட்டில் தங்கிவிடாதீர்கள். வராதவர் வீட்டுக்கு நாமே வந்து கூப்பிடுவோம்.

ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக.