பெருங்கணினி கண்விழிக்கும் வரிசை

தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



ஓர் அலுவலகத்தை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசி. ஊழியர்களின் சம்பளப் பட்டியலை வங்கிக்கு அனுப்பும் வேலை அங்குள்ள பெருங்கணினியில் நடக்கிறது. பொறுப்பில் உள்ளவர் பகலில் கணினிக்குள் நுழைந்து, அந்த வேலையை ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறார். எந்தக் குறையும் இல்லை. இரவு 2 மணிக்கு அது தானாகவே ஓடும்படி ஏற்பாடு செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்.

காலையில் வந்து பார்த்தால் பட்டியல் போகவில்லை. 'கட்டளை கிடைக்கவில்லை' என்ற ஒரே ஒரு வரி பதிவேட்டில் இருக்கிறது. மறுபடியும் தம் கையால் ஓட்டுகிறார். உடனே ஓடுகிறது. கணினி தம்மைக் கேலி செய்கிறதோ என்று அவருக்குத் தோன்றும். சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் ஊழியர்களுக்கோ அது கேலியாக இருக்காது.

இப்படிப்பட்ட கோளாறு லினக்ஸ் ஓடும் இடங்களில் மிகவும் சாதாரணமானது. இதற்குக் காரணம் இயந்திரப் பழுதும் அல்ல, நச்சுநிரலும் அல்ல. கணினி கண்விழிக்கும்போதும், ஒருவர் அதன் வாசலில் நுழையும்போதும் படிக்கப்படும் தொடக்கக் கோப்புகள் தனித்தனியானவை. எந்த வரியை எந்தக் கோப்பில் எழுத வேண்டும் என்பதில் நேரும் குழப்பமே இதற்குக் காரணம்.

பெருங்கணினிக்குள் லினக்ஸ் வந்த கதை

மெயின்ஃபிரேம் எனப்படும் பெருங்கணினி வங்கிகள், காப்புறுதி நிறுவனங்கள், விமான நிறுவனங்கள் ஆகியவற்றின் முதுகெலும்பு. இன்றைய ஐபிஎம் பெருங்கணினிகளின் மூதாதையான சிஸ்டம் 360, 1964 ஏப்ரல் 7ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. லினக்ஸ் அதற்கு நேர்மாறான இடத்தில் பிறந்தது. பின்லாந்தின் ஹெல்சின்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தம் மேசைக் கணினிக்காக அதை எழுதத் தொடங்கினார்.

இந்த இரண்டையும் இணைக்கும் முயற்சியை முதலில் தன்னார்வலர்கள் சிலர் மேற்கொண்டார்கள். பிறகு ஜெர்மனியின் பொப்லிங்கன் நகரில் உள்ள ஐபிஎம் ஆய்வுக்கூடம் செய்த பணி 1999 டிசம்பரில் வெளியிடப்பட்டது. 2000ஆம் ஆண்டில் டேவிட் பாய்ஸ் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். ஒரே பெருங்கணினியில் 41,400 லினக்ஸ் அமைப்புகளை ஏற்றிக் காட்டினார்.

இது எப்படிச் சாத்தியம்? 1972இல் வெளிவந்த விஎம் 370 வழிவந்த இசட்விஎம் என்ற மென்பொருள், ஒரு பெரிய இயந்திரத்தைப் பல மெய்நிகர் இயந்திரங்களாகப் பிரித்துக் கொடுக்கிறது. அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வாசல் இருப்பதுபோல, ஒவ்வொரு லினக்ஸுக்கும் தனி வட்டு, தனி நினைவகம், தனி வலைத் தொடர்பு உண்டு. ஆனால் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விழித்தெழும் படிகள்

வீட்டுக் கணினியில் விசையை அழுத்தினால் போதும். பெருங்கணினியில் அந்தச் செயலுக்கு ஐபிஎல் என்று பெயர். தொடக்க நிரலை ஏற்றுதல் என்பது அதன் பொருள். 'ஐபிஎல் 200' என்று கட்டளையிட்டால், 200 என்ற எண்ணுள்ள வட்டிலிருந்து இயந்திரம் எழுந்திருக்கும்.

ஆனால் இசட்விஎம்மின்கீழ் இருக்கும் லினக்ஸுக்கு அதற்கு முன்பே ஒரு படி உண்டு. பல இடங்களில், மெய்நிகர் இயந்திரம் முதலில் சிஎம்எஸ் என்ற சிறிய இயங்குதளத்தில் விழிக்கிறது. அங்கே 'புரொஃபைல் எக்ஸெக்' என்ற கோப்பு தானாக ஓடுகிறது. வலைத் தொடர்பை இணைப்பது, தற்காலிக வட்டைத் தயாரிப்பது போன்ற வேலைகளை முடித்துவிட்டு, கடைசி வரியில் லினக்ஸ் வட்டை ஐபிஎல் செய்கிறது. லினக்ஸ் மட்டுமே தெரிந்தவர் இந்தக் கோப்பை அறியாமல், வலைத் தொடர்பு ஏன் வரவில்லை என்று லினக்ஸுக்குள்ளேயே நாள் முழுவதும் தேடுவார்.

அடுத்து, வட்டிலிருந்து கெர்னல் ஏறுகிறது. வட்டின் எந்தப் பகுதியில் கெர்னல் இருக்கிறது என்பதை இசட்ஐபிஎல் என்ற கருவி முன்கூட்டியே குறித்து வைத்திருக்கும். கெர்னலையோ அதற்கு உரிய தொடக்கக் குறிப்புகளையோ மாற்றினால், இந்தக் கருவியை மீண்டும் ஓட்டியாக வேண்டும். மறந்துவிட்டால் அன்று ஒன்றும் ஆகாது. ஓடிக்கொண்டிருக்கும் கணினி ஓடிக்கொண்டே இருக்கும். பல மாதங்கள் கழித்து அணைத்து ஏற்றும்போதுதான் அது எழ மறுக்கும். அன்றைக்கு, மாற்றம் செய்தவர் வேறு வேலைக்கே போயிருக்கலாம்.

கெர்னல் எழுந்தபின் முதல் பணியாளைத் தொடங்குகிறது. அதன் எண் 1. முன்பு அதன் பெயர் இனிட். 'இனிட்டேப்' என்ற கோப்பைப் படித்து, எந்த ஓட்ட நிலையில் கணினி இருக்க வேண்டும் என்பதை அறிந்து, வரிசை எண் இட்ட கட்டளைத் தொகுப்புகளை ஒவ்வொன்றாக அது ஓட்டும். 2014இல் வந்த சுசே லினக்ஸ் 12, ரெட்ஹேட் லினக்ஸ் 7 ஆகியவற்றிலிருந்து அந்த இடத்தை சிஸ்டம்டி பிடித்துக்கொண்டது. எந்தச் சேவைக்கு எது முதலில் தேவை என்பதைப் பார்த்து, முடிந்தவற்றை ஒரே நேரத்தில் அது தொடங்குகிறது.

கவனியுங்கள். இதுவரை ஒரு மனிதர்கூட உள்ளே நுழையவில்லை.

வாசலில் படிக்கப்படும் கோப்புகள்

பயனர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து நுழையும்போது ஷெல் என்ற நிரல் அவரை வரவேற்கிறது. லினக்ஸில் பெரும்பாலும் இது பேஷ். 1989இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதி வெளியிட்டது. நுழைவாசலில் பேஷ் முதலில் எல்லாருக்கும் பொதுவான '/இடிசி/புரொஃபைல்' கோப்பைப் படிக்கிறது. பிறகு பயனரின் சொந்தக் கோப்புறையில் '.பேஷ்_புரொஃபைல்', '.பேஷ்_லாகின்', '.புரொஃபைல்' ஆகிய மூன்றையும் இதே வரிசையில் தேடுகிறது. முதலில் கிடைப்பதை மட்டும் படிக்கிறது. மற்றவற்றைத் தொடுவதே இல்லை.

பல ஆண்டுகளாக '.புரொஃபைல்' வைத்திருந்த ஒருவர், யாரோ சொன்னார்கள் என்று புதிதாக '.பேஷ்_புரொஃபைல்' ஒன்றை உருவாக்கினால், பழைய கோப்பில் இருந்த ஏற்பாடுகள் அனைத்தும் அன்றோடு நின்றுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

ஏற்கெனவே உள்ளே இருப்பவர் இன்னொரு ஷெல்லைத் திறந்தால் படிக்கப்படுவது '.பேஷ்ஆர்சி'. வலை வழியே கோப்பைப் பிரதி எடுக்கும்போதும் பேஷ் இதைப் படிப்பதுண்டு. இதில் ஆசையாக ஒரு வணக்கச் செய்தியை எழுதி வைத்தால், அந்தச் செய்தி கோப்புப் பரிமாற்றத்துக்குள் புகுந்து பிரதி எடுப்பதையே கெடுத்துவிடும். பொதுக் கோப்பான '/இடிசி/புரொஃபைல்' கோப்பில் நேரடியாக எழுதுவதும் ஆபத்து. மென்பொருள் மேம்படுத்தப்படும்போது எழுதியது போய்விடலாம். அதற்கென 'புரொஃபைல்.டி' என்ற தனிக் கோப்புறை இருக்கிறது.

இந்த ஆர்சி என்ற ஈரெழுத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1960களில் அமெரிக்காவின் எம்ஐடி கல்விக்கழகத்தில் சிடிஎஸ்எஸ் என்ற இயங்குதளம் இருந்தது. அதில் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் வசதியைப் பிரெஞ்சுக்காரரான லூயி பூசான் எழுதினார். அதன் பெயர் 'ரன்காம்'. கட்டளைகளை ஓட்டு என்பது பொருள். யூனிக்ஸ் அதைச் சுருக்கி ஆர்சி என்று வைத்துக்கொண்டது. ஷெல் என்ற பெயரைக் கொடுத்தவரும் பூசான்தான். சிடிஎஸ்எஸ் ஓடியது ஐபிஎம் 7094 போன்ற பெருங்கணினிகளில். ஆக, லினக்ஸோடு பெருங்கணினிக்குள் நுழைந்த ஆர்சி கோப்பு, பிறந்த வீட்டுக்குத்தான் திரும்பி வந்திருக்கிறது.

இரவில் நடந்தது என்ன?

இப்போது சம்பளப் பட்டியலுக்கு வருவோருக்கு விடை எளிதாகத் தெரியும். பகலில் ஊழியர் வாசல் வழியாக நுழைந்தார். அவருடைய புரொஃபைல் கோப்பு படிக்கப்பட்டது. கட்டளைகளை எந்தெந்தக் கோப்புறைகளில் தேட வேண்டும் என்ற 'பாத்' பட்டியல் அதில் இருந்தது. இரவில் வேலையைத் தொடங்கியது கிரான் என்ற நேரக் காவலாள். அது வாசல் வழியாக வருவதில்லை. புரொஃபைல் கோப்பையும் படிப்பதில்லை. அதன் கையில் இருப்பது ஓரிரு கோப்புறைகள் மட்டும் கொண்ட குட்டிப் பட்டியல். வங்கிக்கு அனுப்பும் கட்டளை அந்தப் பட்டியலுக்கு வெளியே இருந்தது. சிஸ்டம்டி தொடங்கும் சேவைகளுக்கும் இதே கதைதான்.

பரிகாரம் சிறியது. தானாக ஓட வேண்டிய கட்டளைத் தொகுப்பில் ஒவ்வொரு கட்டளையின் முழு முகவரியையும் எழுத வேண்டும். அல்லது அதற்குத் தேவையான சூழலை அந்தத் தொகுப்பின் முதல் வரிகளிலேயே சொல்லிவிட வேண்டும். 'என்வ்' என்ற கட்டளையோடு '-ஐ' குறியைச் சேர்த்தால், வெறுமையான சூழலில் வேலையை ஓட்டிப் பார்க்கலாம். பகலிலேயே இரவின் நிலைமை தெரிந்துவிடும்.

ஒன்றின் தவறு நூறாகும்போது

மேசைக் கணினியில் ஒரு தொடக்கக் கோப்பு தவறினால் பாதிக்கப்படுவது ஒருவர். பெருங்கணினியில் ஒரு மாதிரி அமைப்பை உருவாக்கி, அதையே நூறு பிரதிகள் எடுப்பது வழக்கம். மாதிரியில் உள்ள ஒரு தவறான வரியும் நூறாகும்.

தவறு என்றுகூடச் சொல்ல முடியாத சின்னச் செலவுகளும் பெருகும். பழைய லினக்ஸ் கெர்னல் சும்மா இருக்கும்போதும் நொடிக்கு 100 முறை விழித்து நேரம் பார்க்கும். நூறு அமைப்புகள் என்றால் நொடிக்கு 10,000 முறை. ஒருவரும் வேலை செய்யாமலே இயந்திரம் களைத்துப் போகும். அதனால் பெருங்கணினிக்கென அந்தத் துடிப்பை நிறுத்தும் வசதி சேர்க்கப்பட்டது. தொடக்க அமைப்பில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும். பிந்திய கெர்னல்களில் அதுவும் தேவைப்படவில்லை.

அதேபோல, பிரதி எடுக்கப்பட்ட அமைப்புகள் எல்லாம் விடியற்காலை ஒரே நிமிடத்தில் கோப்புப் பட்டியலைப் புதுப்பிக்கத் தொடங்கினால், அடுக்குமாடியில் எல்லாரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்த கதைதான். நேரங்களைப் பிரித்து வைப்பதும், தேவையற்ற சேவைகளைத் தொடக்கப் பட்டியலிலிருந்து நீக்குவதும் அண்டை வீட்டாருக்குச் செய்யும் மரியாதை.

ஆனால் நீக்கும்போதும் கவனம் வேண்டும். பழைய 'இனிட்டேப்' கோப்பில் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் விசைகளை அழுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். பெருங்கணினியில் அப்படியொரு விசைப்பலகை ஏது என்று அதை அழிக்கத் தோன்றும். இசட்விஎம் தன்னை மூடும்போது லினக்ஸுக்கு அனுப்பும் எச்சரிக்கை அந்த வரியின் வழியாகத்தான் வந்து சேரும். வரி இல்லையென்றால் லினக்ஸ் அந்தக் குரலைக் கேட்காது. கெடு முடிந்ததும், திறந்த கோப்புகளோடு அப்படியே துண்டிக்கப்படும்.

எழ மறுத்தால் என்ன செய்வது?

தவறு நேர்ந்து கணினி பாதியில் நின்றுவிட்டால், மிஞ்சுவது இயக்குநர் முனையம் ஒன்றுதான். 3215 வகை முனையம் வரிவரியாக மட்டுமே பேசும். திரை முழுவதும் விரியும் விஐ போன்ற தொகுப்பான்கள் அதில் வேலை செய்யாது. கன்ட்ரோல் சி அழுத்தவும் வழியில்லை. கூரைக் குறியையும் சி எழுத்தையும் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். செட், இடி போன்ற பழைய வரித் தொகுப்பான்களைக் கற்றிருப்பவரே அந்த நேரத்தில் கைகொடுப்பார்.

பெருங்கணினி இன்னொரு வழியையும் வைத்திருக்கிறது. நின்றுபோன அமைப்பை முழுவதுமாக அணைத்துவிட்டு, அதன் வட்டை நன்றாக ஓடும் வேறொரு லினக்ஸோடு இணைத்து, அங்கிருந்தே கோப்பைத் திருத்தலாம். அணைக்காமல் இணைக்கக் கூடாது. இருவர் ஒரே வட்டில் எழுதினால் வட்டில் உள்ள தகவலே பாழாகிவிடும்.

கணினித் துறையில் வேலைக்குச் செல்லும் இளையர்கள் இதிலிருந்து மூன்று பழக்கங்களை எடுத்துச் செல்லலாம். தொடக்கக் கோப்பைத் திருத்துமுன் ஒரு பிரதி எடுத்து வைப்பது முதலாவது. ஏன், எப்போது திருத்தப்பட்டது என்று அதே கோப்பில் ஒரு வரி எழுதுவது இரண்டாவது. திருத்திய பின், வேலை குறைவான ஒரு நேரத்தைக் கேட்டு வாங்கி, கணினியை அணைத்து ஏற்றிப் பார்ப்பது மூன்றாவது. நெருக்கடி வரும் நாள்வரை அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அந்த அலுவலக ஊழியர் கட்டளையின் முழு முகவரியை எழுதிவிட்டால் அடுத்த மாதச் சம்பளம் நேரத்தோடு போய்ச் சேரும். அப்படி ஒரு வரி எழுதப்பட்டது என்பது சம்பளம் வாங்குபவர் எவருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டியதில்லை.