முல்லர் என்னும் பெயர்

தில்லியிலோ புணேயிலோ வாழும் நம்மவர் 'மாக்ஸ் முல்லர் பவன்' என்னும் பலகையைக் கண்டிருப்பர். அந்த 'முல்லர்', ஜெர்மானியக் குடும்பப் பெயர்களுள் எண்ணிக்கையில் முதலிடம் பெற்றது. பொருளோ எளியது: மாவரைக்கும் ஆலைக்காரர். ஆலையைக் குறிக்கும் 'மோலினா' என்ற இலத்தீன் சொல்லே இதன் மூலம்.

இடைக்காலத்தில் உழவர் தம் தானியத்தைப் பிரபுவின் ஆலையிலேயே அரைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் பல ஊர்களில் இருந்தது. ஆலைக்காரர் கூலியைத் தானியமாகவே எடுத்துக்கொண்டார். ஆகவே அளவில் கைவைக்கிறார் என்ற ஐயம் ஊராருக்கு என்றும் உண்டு. சிலவிடங்களில் அத்தொழிலையே மதிப்பற்றதென ஒதுக்கினர். ஆயினும் ஊர்தோறும் ஆலை இருந்தமையின், தொழிற்பெயர்கள் பரம்பரைப் பெயர்களாக நிலைத்தபோது இப்பெயரே பல்கிற்று. கற்றோர் சிலர் இலத்தீனில் 'மோலிட்டர்' ஆயினர். அமெரிக்கா சென்றோர் பலர் 'மில்லர்' ஆயினர். வேற்றூர் நாவில் பெயர் தேய்வதை நம்மவர்க்குச் சொல்ல வேண்டுமா?

1823-இல் டெஸ்ஸௌ நகரில் பிறந்த மாக்ஸ் முல்லர், தாம் பதிப்பித்த ரிக்வேதத்தின் முகப்பில் வடமொழியில் தம்மை 'மோக்ஷமூலர்' என்று குறித்துக்கொண்டார். மாவரைப்பவர் வீடுபேற்றின் வேராகிவிட்டார்! மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இதனை ஒப்புவதற்கில்லை; ஒலியைக் காத்துப் பொருளை இழந்த செயல் இது. ஆனால் பொருளைக் காத்து 'மாவாலையார்' என எழுதியிருந்தால், அவருடைய ஊராருக்கே அவரைத் தெரிந்திராது.