எண்ணிக்கையும் பயனும்



ஓர் ஆய்வாளர் எத்தனை கட்டுரைகள் எழுதினார், அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்ற கணக்கைக் கொண்டே இன்று அவருடைய தகுதியை அளக்கின்றனர். மத்ரஸாவில் ஓதிய காலத்தில், ஒரு செய்தியைச் சொன்னால் அது யார் வழியாக வந்தது என்னும் ஸனதையும் சேர்த்தே சொல்ல நாம் பழக்கப்பட்டோம். மேற்கோளும் அத்தகைய நன்றிக்கடனே. ஆயினும், அந்தக் கடன் உரிய காலத்தில் தீர்க்கப்படுவதில்லை.

அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற மாணவர், கோழியின் உடலிலுள்ள 'பர்ஸா' என்னும் சிறு பையை அகற்றி ஆராய்ந்து வந்தார். அவருடைய நண்பர் டிமோதி சாங், வகுப்பில் செய்முறை காட்டுவதற்காக அக்கோழிகளைப் பெற்று, கிருமிப் பொருளைச் செலுத்தினார். எதிர்பார்த்த நோய் எதிர்ப்பொருள் அவற்றில் உண்டாகவில்லை. வகுப்பில் தோற்ற அச்செய்முறையே பெரும் கண்டுபிடிப்பாயிற்று.

அவர்களுடைய கட்டுரையைப் புகழ்பெற்ற 'சயின்ஸ்' இதழ் ஏற்கவில்லை. 1956இல் 'பௌல்ட்ரி சயின்ஸ்' என்னும் கோழியியல் இதழில் அது வெளிவந்தது. நோய் எதிர்ப்பியலார் பல ஆண்டுகள் அதைக் கவனிக்கவில்லை. 1965இல் மாக்ஸ் கூப்பர் குழுவினரின் ஆய்வு அதன் பெருமையை விளங்கச் செய்தது. இன்று மருத்துவ மாணவர்கள் படிக்கும் 'பி' அணுக்களின் பெயரிலுள்ள எழுத்து, அந்தப் பர்ஸாவின் முதலெழுத்தேயாகும்.

எனவே பெற்றோர்களே! பிள்ளைகளிடம் மதிப்பெண்ணை மட்டும் கேளாதீர்கள். என்ன விளங்கிக்கொண்டாய் என்றும் கேளுங்கள். பிள்ளைகளே! செய்முறை தவறிப்போனால் மறைக்காதீர்கள். கண்டதைக் கண்டபடியே எழுதி வையுங்கள்.