அப்பா வாறார்



யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே வந்தால் கொக்குவில், தாவடி கழிந்ததும் இணுவில். செம்மண் தோட்டங்கள், ஆழக் கிணறுகள், புகையிலை, வெங்காயம். தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1933இல் பிறந்த மண். இன்று உங்களை நான் கூட்டிப்போக நினைப்பது மக்லியொட் ஆஸ்பத்திரிக்கு. பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென்றே 1898இல் அமெரிக்க மிஷன் தொடங்கியது இது. வேறு ஊர்க்காரர் எத்தனையோ பேரின் பிறப்புப் பத்திரத்தில் இணுவில் என்று இருப்பது இதனால்தான்.

இந்த வாசலுக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஓர் ஓவியம் நினைவுக்கு வரும். ரவிவர்மா 1893இல் வரைந்த 'அதோ அப்பா வருகிறார்'. வெள்ளை உடுத்த இளம் தாய் குழந்தையை ஏந்தி நிற்கிறாள். அருகில் ஒரு நாய். எல்லோரும் இடப்பக்கமே பார்க்கிறார்கள். அப்பாவோ படத்தில் இல்லை! அவர் வருகிறார் என்பதை அந்தப் பார்வைகளே சொல்லிவிடுகின்றன. அந்தத் தாய் ரவிவர்மாவின் மகள் மகாபிரபா, குழந்தை அவருடைய பேரன். புராண நாயகிகளை வரைந்து பெயர் வாங்கியவரின் படைப்புகளில் நான் முதலில் வைப்பது இந்த வீட்டுப் படத்தைத்தான்.

ரவிவர்மாவுடையது தாய்வழிக் குடும்பம். பிள்ளைகள் தாயின் வீட்டுக்கே உரியவர்கள்; அப்பா அங்கே வந்துபோகிறவர். ரவிவர்மாவும் பம்பாய், பரோடா என்று ஊர் ஊராகப் போய் வரைந்தவர். பிள்ளைகள் வழிபார்த்திருக்க, தூரத்தில் இருந்த தகப்பன் அவர். அந்தக் கனிவு தூரிகையில் இறங்கியிருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தை விளக்கத் தேவையில்லை. அந்தக் காலத்திலேயே இங்குள்ள அப்பாமார் மலாயாவுக்கு, ரயில்வேயிலும் கந்தோரிலும் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். 1905இல் கொழும்புக்கு ரயில் பாதை முழுமையானது. உத்தியோகத்துக்குப் போன அப்பா லீவுக்கு ரயிலில் வந்திறங்குவார். 1956இல் யாழ்தேவி ரயில் வந்தது. பிறகு போர், தண்டவாளமே இல்லாமற் போயிற்று. அப்பாமார் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்க, படத்தில் பார்த்தே அவர்களை அறிந்த பிள்ளைகள் இங்கே வளர்ந்தார்கள். 2015இல்தான் காங்கேசன்துறை வரை மறுபடி ரயில் ஓடியது. இணுவில் நிலையத்திலும் ஆட்கள் இறங்குகிறார்கள்.

மக்லியொட் ஆஸ்பத்திரிச் சுவரில் அந்த ஓவியத்தின் பிரதி ஒன்றைத் தொங்கவிட வேண்டும் என்பது என் ஆசை. பிறந்த பிள்ளையைப் பார்க்க ஓடிவரும் அப்பாமாரின் கண்ணில் படுகிற இடத்தில்.